எல்லாருக்கும் ஒரே கேள்வி

எங்கள் மாவட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிற விதம் முன்பெல்லாம் ஊருக்கே தெரியும். யாருடைய மாமன் எந்தக் கட்சிக்குக் கொடி பிடித்தான், யாருடைய கையில் யார் கொடுத்த கடிதம் இருக்கிறது என்பதுதான் பரீட்சை. பேருக்கு ஒரு நேர்முகமும் நடக்கும். பெயர் என்ன, ஊர் எது, சமைக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். சமைக்கத் தெரியுமா என்று ஏன் கேட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிரசவ அறையில் யாரும் கறி வைப்பதில்லை.

அதனால் கொழும்பிலிருந்து அபேகோன் என்றொரு விரிவுரையாளர் புது முறையோடு வருகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. மன்னார்த் தீவு ஆமியின் கையில், பெருநிலம் அதை எதிர்த்துப் போராடிய இயக்கத்தின் கையில். நடுவில் சென்றிகள், ஆளைச் சோதித்து விடுகிற காவல் முனைகள். நான் அப்போது மன்னார்ப் பட்டினத்தில் தாதி உத்தியோகத்தர். திரேசம்மா மிஸி என்றால் பாதிப் பேருக்கு மரியாதை, மீதிப் பேருக்கு என் வாய்க்குப் பயம். தேர்வுக் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். குழுத் தலைவர் டொக்ரர் சிங்கராசா. நல்ல மனுசன். யாரிடமும் சத்தமாகப் பேசமாட்டார், பெயரில் மட்டும்தான் சிங்கம் என்று ஆஸ்பத்திரியில் கேலி செய்வோம்.

அபேகோன் ஆமியின் விமானத்தில் வந்து ஆமி ஜீப்பில் இறங்கினார். வேறு வழியில் அந்த நாளில் கொழும்பு மனுசன் ஒருவர் மன்னாருக்கு வந்து சேர முடியாது. மன்னார் வெயில் ஆளைக் கொல்லும் என்று யாரோ பயங்காட்டியதில், தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மணலுக்குத் தோதாக இருக்கட்டும் என்று கனத்த பூட்ஸ் வேறு. ஆள் என்னவோ பூனைக்குட்டி மாதிரிச் சாது. தமிழ் ஒரு சொல் தெரியாது. எங்களோடு இங்கிலீசில்தான் பேசினார்.

அவர் கொண்டுவந்த முறையைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசையில், ஒரே சொற்களில். கடிதம் எதையும் வாங்கக்கூடாது. முன்பே தெரிந்த பிள்ளையா, தெரியாத பிள்ளையா என்பதை வாசலோடு விட்டுவிட வேண்டும். அறைக்குள் அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாளோ அதற்கு மட்டும்தான் புள்ளி. மந்திரியின் மருமகளும் கூலிக்காரனின் மகளும் ஒரே தராசில் நிற்பார்கள் என்றார். அந்த இடத்தில் எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"இன்னொன்று," என்றார் அபேகோன். "பயந்த பிள்ளை பேசாது. பேசாத பிள்ளைக்குப் புள்ளி போட முடியாது. அதனால் அவள் பேசும்போது மெதுவாகத் தலையை ஆட்டுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பயப்படாமல் சொல் என்று அதற்கு அர்த்தம்."

நாங்கள் இருவரும் எழுதுவதில் மும்முரமாக இருப்போம் என்பதால், அந்தத் தலையாட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மொழி தெரியாதவருக்கு வேறு வேலையும் இல்லை. எங்கள் மேசையில் இருந்தால் பிள்ளைகள் மிரளுவார்கள் என்று தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் யன்னலோரம் தனியாகப் போட்டுக்கொண்டார். டொக்ரருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பாலம்மாவும் அந்த வருடம் விண்ணப்பித்திருந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்த குடும்பம். தகப்பன் அழகையா கூலிவேலை செய்பவர். முருங்கன் பக்கம் காடு வெட்டிக் கொட்டில் போட்டு, சண்டையில் அதையும் விட்டுவிட்டு, மடு அகதி முகாமில் வந்து விழுந்தார்கள். பட்டினத்துக்கு மாற்றம் வருவதற்கு முன் நான் பெருநிலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். டொக்ரர் கிடையாது, நான்தான் எல்லாம். அங்கேதான் பாலம்மா வந்து சேர்ந்தாள். சம்பளம் இல்லாமல் கூட்டுவாள், துணி அவிப்பாள், பிரசவம் என்றால் கூப்பிடாமலே பக்கத்தில் வந்து நிற்பாள்.

காரணம் அவளுடைய அக்கா அழகம்மா. அக்காவுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. முகாமில் மருத்துவிச்சி இல்லை. பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றினார்கள். சென்றியில் அன்றைக்குப் பாதை மூடியிருந்தது. பெட்டிக்குள்ளேயே அக்காவும் போனாள், பிள்ளையும் போனது. பிள்ளையின் ஒரு கை வெளியே வந்திருந்தது என்று பாலம்மா ஒரே ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள். அன்றையிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். மருத்துவமாதுவாகி முகாமுக்கே திரும்பிப் போக வேண்டும். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட, "முதல்ல படிப்பு மிஸி" என்றுவிட்டாள். போன முறை கடிதம் கொடுக்க ஆளில்லாமல் தட்டிவிட்டார்கள். அதற்கு முந்தின முறை பாதையே திறக்கவில்லை. இந்த வருடத்தோடு வயதெல்லை முடிகிறது. இதை விட்டால் பிறகு இல்லை.

அவள் கையில் என்ன இருக்கிறது என்று நான் கண்ணால் கண்டவள். ஒரு மத்தியானம் உழவு மெசின் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பெட்டிக்குள் ஒரு பெடியன், தொடை மடிப்பில் காயம். அவன்மேல் குனிந்தபடி பாலம்மா. வேலைக்கு வந்துகொண்டிருந்தவள், வழியில் மெசினைக் கண்டு ஏறியிருக்கிறாள். இரண்டு கையையும் முட்டியாய்ப் பிடித்துக் காயத்துக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கையை எடுத்தா போயிருவான் மிஸி," என்றாள்.

குண்டும் குழியுமான அந்தப் பாதை முழுக்க அவள் கையை எடுக்கவில்லை. நான் இரத்தக்குழாயைத் தேடிப் பிடித்துக் கட்டும்வரை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு பார்த்தால் அவளுடைய விரல்கள் விரியமாட்டேன் என்கின்றன. வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாய் நான்தான் நீவி விரித்துவிட்டேன். பெடியன் உயிரோடுதான் போனான்.

அவன் இயக்கத்துப் பெடியனா, விறகு வெட்டப் போன பெடியனா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் ஒருநாள் யாருக்காவது சொல்ல வேண்டி வரும். பாலம்மாவின் கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்:

"பிள்ளை, ஆர் கேட்டாலும் நீ ஒண்டும் காணேல்லை. என்னையும் காணேல்லை. விளங்கிச்சோ?"

"ஓம் மிஸி."

அந்த நாளில் அந்த மண்ணில் தாய் பிள்ளைக்குச் சொன்னது அதுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது மற்ற ஊர்ப் பழமொழி. எங்கள் பக்கத்தில் வாயை மூடின பிள்ளைதான் பிழைத்தது. காயத்துக்குக் கட்டுப் போடுவது எவ்வளவு அவசரமோ, வாய்க்குக் கட்டுப் போடுவதும் அவ்வளவு அவசரம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நேர்முகப் பரீட்சை பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. கேள்விகள் ஒட்டிய உறைக்குள் இருந்தன. அன்று காலைதான் அபேகோன் எங்கள் முன்னால் கிழித்தார். முதல் கேள்வி, ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள். இரண்டாவது, நோயாளி ஒருவருக்கோ காயப்பட்ட ஒருவருக்கோ நீங்கள் உதவிய ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், அதில் உங்கள் கையால் என்ன செய்தீர்கள். மூன்றாவது, ஒரு தாய் உங்களிடம் சொன்ன இரகசியத்தை இன்னொருவர் கேட்டால் என்ன செய்வீர்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் அதிகப் புள்ளி.

இரண்டாவது கேள்வியைப் படித்ததும் என் மனம் குளிர்ந்துபோனது. மடு மாதாவே, இது பாலம்மாவுக்கென்றே எழுதின கேள்வி என்று நினைத்தேன். பெடியனின் கதை வேண்டாம். அதைச் சொல்ல அவள் பைத்தியமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் பிடித்தெடுத்த பிள்ளைகள், ஈரத்துணியோடு பக்கத்தில் இருந்து காய்ச்சலில் காப்பாற்றிய கிழவர்கள், எத்தனை கதை இருக்கிறது! ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டால் போதும்.

காலையில் பட்டினத்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பிள்ளை தன் பெரியப்பாவின் சர்க்கரைப் புண்ணுக்கு மருந்து கட்டிய கதையை அழகாகச் சொன்னாள். வேறு ஒருத்தி மயங்கி விழுந்த வாத்தியாருக்கு முகத்தில் தண்ணீர் தெளித்ததைப் பெரிய காவியமாகப் பாடினாள். அபேகோன் யன்னலோரத்திலிருந்து எல்லாவற்றுக்கும் மெதுவாகத் தலையாட்டினார். ஒரு கழுதை வராந்தாவில் ஏறி வாசலால் எட்டிப் பார்த்தது. மன்னார்க் கழுதைகளுக்கு ஆஸ்பத்திரி என்றும் கிடையாது, பள்ளிக்கூடம் என்றும் கிடையாது. அபேகோன் அதற்கும் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டுச் சிரித்தார். டொக்ரரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு பெருநிலத்துப் பிள்ளைகள். காலையில் சென்றியில் சோதனை முடித்து, பஸ் பிடித்து, தூசியோடு வந்தவர்கள். முதலில் வந்த இருவரும் சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு ஒரு வசனம், அவ்வளவுதான். களைப்பாக்கும் என்று நினைத்தேன். மூன்றாவதாகப் பாலம்மா வந்தாள்.

வெளுத்துப்போன நீலச் சீலை, இழுத்துப் பின்னிய தலை. வந்து கும்பிட்டாள். என்னைப் பார்த்தாள், தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்தேன். பிறகு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுடைய கண் யன்னலோரத்தில் ஒரு கணம் நின்று, நிலத்துக்கு இறங்கியது.

"இருங்கோ பிள்ளை," என்றார் டொக்ரர். "ஏன் இந்த வேலைக்கு வர விரும்புறீங்கள்?"

"எங்கட அக்கா…" என்று தொடங்கினாள்.

யன்னலோரத்தில் அபேகோனின் தலை மெதுவாக ஆடியது.

பாலம்மா நிறுத்தினாள். "எனக்கு விருப்பம்," என்றாள். அதோடு சரி.

டொக்ரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அவர் அடுத்த கேள்வியைச் சொற்பிசகாமல் வாசித்தார். காயப்பட்ட ஒருவருக்கு உதவிய சம்பவம்.

பாலம்மா யோசித்தாள். அவளுடைய இரண்டு கையும் மடியில் தாமாகவே முட்டியாய் மடிந்ததை நான் கண்டேன். "ஒருக்கா மிசினில வரேக்க, நான் கையை எடுக்கேல்லை…" என்று அவளையறியாமல் வாயில் வந்துவிட்டது.

அபேகோனின் தலை மறுபடியும் ஆடியது. இந்த முறை கொஞ்சம் உற்சாகமாக.

பாலம்மாவின் முகம் வெளிறிப்போனது. அவள் பார்த்த பக்கம் நானும் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் அவள் கண்டது எனக்கும் தெரிந்தது.

வெளியே கொளுத்துகிற வெயில். யன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்ததால், தனியே ஒதுங்கி இருந்த அந்த மனிதரின் முகம் கறுப்பாகவே தெரிந்தது. கண்ணில்லை, மூக்கில்லை. ஒட்ட வெட்டிய தலை ஒன்று மேலும் கீழும் ஆடுகிறது. கீழே பூட்ஸ். வாசலுக்கு அந்தப் பக்கம் அவரைக் கூட்டிவந்த ஜீப்.

தலையாட்டி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் ஊர் முழுவதையும் கோயில் மைதானத்தில் வரிசையில் நிறுத்துவார்கள். சாக்கால் முகத்தை மூடின ஒருவனை ஜீப்பில் தனியாக இருத்தியிருப்பார்கள். ஒவ்வொருவராய் அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் பேசமாட்டான். தலையை மட்டும் ஆட்டுவான். ஆட்டினால் அந்த ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. பாலம்மா சின்ன வயதிலேயே அந்த வரிசையில் நடந்தவள். நானும் நடந்தவள்தான். ஆனால் அபேகோனோடு தேநீர் குடித்துப் பேசிப் பழகியதில், எனக்கு அவர் அபேகோனாக மட்டும்தான் தெரிந்தார். வாசலால் வந்தவளுக்கு அவர் யார் என்று யார் சொன்னது? பார்ப்பவர் பெயர் சொல்லி அறிமுகமாகக் கூடாது என்பதும் அந்த முறையில் ஒரு விதி. பட்டினத்துப் பிள்ளைகளுக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை, அவர்களுக்கு அது வெறும் தலை.

"சொல்லுங்கோ," என்றார் டொக்ரர். "மிசினில வரேக்க?"

"ஒண்டுமில்லைங்க."

பயம் வந்தால் அவளுக்கு மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்.

"காயப்பட்ட ஆருக்காவது, வருத்தக்காரர் ஆருக்காவது உதவி செய்திருக்கிறீங்களோ?"

"இல்லைங்க. நான் ஒருத்தரையும் கண்டதில்லைங்க."

"டொக்ரர், கேள்வியை இன்னொருக்கா வாசியுங்கோ," என்றேன் நான். ஒரு தடவை திருப்பி வாசிக்க விதியில் இடமிருந்தது. அவர் வாசித்தார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைப்பேறு பார்த்ததைச் சொல்லடி. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுத்ததைச் சொல்லடி. என் கண்ணால் கத்தினேன். அவள் என் கண்ணைப் பார்த்து, சின்னதாய் ஒரு உறுதியோடு மறுபடியும் சொன்னாள்:

"இல்லைங்க. நான் வீட்டிலதான் இருந்தனான். எங்கயும் போறதில்லை."

ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன் என்றால் எந்த ஆஸ்பத்திரி என்று கேள்வி வரும். அங்கே யார் மிஸி என்று வரும். அவள் வேரோடு வெட்டிவிட்டாள்.

மூன்றாவது கேள்வி. தாய் சொன்ன இரகசியத்தை இன்னொருவர் கேட்டால்?

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லைங்க," என்றாள் பாலம்மா.

அந்தக் கேள்விக்கு என் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த பதில் அதுதான். ஆனால் புள்ளித்தாளில் அதற்கு இடமில்லை. கேள்வி விளங்கவில்லை என்று டொக்ரர் குறித்துக்கொண்டார். பாலம்மா எழுந்து, எங்கள் இருவரையும் கும்பிட்டு, யன்னல் பக்கம் திரும்பி அவரையும் பணிந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். அபேகோன் அன்பாகத் தலையாட்டினார்.

தேநீர் வேளைக்கு அவிழ்த்துவிட்டதும் நான் அவர் முன்னால் போய் நின்றேன். எனக்கு வந்த கோபத்தில் இங்கிலீசு தடுமாறியது. தலையாட்டி என்றால் யார், சாக்கு என்றால் என்ன, வரிசை என்றால் என்ன என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். முதலில் விளங்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு விளங்கியது. ஆடிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது.

"அனே," என்று சிங்களத்தில் ஐயோவென்றார். தேநீர்க் கோப்பையை வைக்க இடம் தேடினார். "அனே, மிஸி. நான் அவர்களுக்குத் தைரியம் கொடுப்பதாக அல்லவா நினைத்தேன்."

"அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுவோம். நீங்கள் வெளியே நில்லுங்கள்."

"அவளை மட்டும் கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகள்? அவர்களும் என்னைக் கண்டு பயந்திருப்பார்களே. எல்லாரையும் திரும்பக் கூப்பிட வேண்டும்."

எல்லாரையும் எப்படிக் கூப்பிடுவது? முதலில் வந்த இருவரும் போய்விட்டார்கள். பின்னேரம் பாதை மூடுவதற்குள் மற்றவர்களும் சென்றியைக் கடந்தாக வேண்டும். நாளைக்கு வா என்றால் நாளைக்குப் பாதை திறக்கும் என்று யார் சொல்வது? நாளைக் காலை அபேகோனுக்கு விமானம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைத் தூக்கி அவர் தலையிலேயே போட வேண்டும் போல இருந்தது.

"சரி, திரும்பக் கேட்க வேண்டாம்," என்றேன். "அவள் செய்தவள். எனக்குத் தெரியும். கேட்ட எல்லாத்தையும்விடப் பெரிசாகச் செய்தவள்."

அவருடைய முகம் வெளிச்சமானது. உண்மையாகவே அவளைக் காப்பாற்ற ஒரு வழி தேடினார் அந்த மனிதர். "நேரில் கண்ட சாட்சி என்றால் நான் ஒரு விசேட குறிப்பு எழுதலாம். மேலிடத்தில் வாதாடலாம். என்ன செய்தாள்? எங்கே, யாருக்கு? விபரமாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

பேனாவைத் திறந்தார். வாசலில் ஜீப்பில் வந்த ஆமிக்காரன், நாங்கள் கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். சின்னப் பெடியன். அவனுக்கும் இருபது வயது வராது.

என் வாய் திறந்தது. டொக்ரர் சிங்கராசா கோப்பையைப் பார்த்தபடியே, தமிழில், மெதுவாகச் சொன்னார்:

"மிஸி, வாயை மூடுங்கோ. எழுதினால் அது ஆரின்ர மேசைக்குப் போகுமெண்டு இவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை திரும்பவும் சென்றியால போகவேணும். நீங்களும் இஞ்ச இருக்கவேணும்."

"அப்ப பயிற்சியில அவளின்ர சீற்?"

"சீற் போனால் சீற். பிள்ளை இருப்பாள்."

பிரசவம் பார்த்ததையாவது சொல்லலாமே என்று யோசித்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதுவார். சென்றியால் மருந்தே போகவிடாத அந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு ஆளுக்கு என்ன வைத்தியம் நடந்தது என்று யாராவது கேட்பான். ஒரு நூலை இழுத்தால் சீலை முழுக்க அவிழ்கிற காலம் அது. அவள் அறைக்குள் வெட்டிய இடத்திலேயே நானும் வெட்டினேன்.

"மறந்துவிட்டேன்," என்றேன் அபேகோனிடம். "வேறு பிள்ளை என்று நினைக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். மடையன் இல்லை, அவருக்கு ஏதோ விளங்கியது. பேனாவை மூடினார். அடுத்த வருடத்து முறையில் இதைக் கட்டாயம் திருத்துவேன் என்றார். அடுத்த வருடம்!

தேநீருக்குப் பிறகு இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள். அபேகோன் யன்னலோரக் கதிரைக்கே திரும்பிப் போனார். பாதிப் பேருக்குத் தலையாட்டியாகிவிட்டது. இனி நிறுத்தினால் அவர்களுக்கு ஒரு முறை, இவர்களுக்கு ஒரு முறை என்றாகிவிடும். கதிரையை நகர்த்தினாலும் அதேதான். ஆகவே மனிதர் அன்று முடியும்வரை தலையாட்டினார். நிலத்தைப் பார்த்தபடி, பல்வலிக்காரர் போல முகத்தை வைத்துக்கொண்டு ஆட்டினார். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, தாங்கள் ஒன்றும் காணவில்லை, ஒன்றும் செய்யவில்லை, வீட்டில்தான் இருந்தோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

யாரைத் திட்டுவது? எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கடிதத்துக்கு ஆள் எடுத்த காலத்தில் திட்டுவதற்கு ஒரு முகமாவது இருந்தது. இங்கே கேள்வி நல்ல கேள்வி. கேட்டவர் நல்லவர். தலையாட்டியவர் அதைவிட நல்லவர். நல்லவர்கள் எல்லாருமாகக் கூடி ஒருத்தியைக் கிணற்றில் தள்ளிவிட்டோம்.

புள்ளிகளைக் கூட்டி முடித்தபோது பாலம்மா கடைசி வரிசையில் கிடந்தாள். வாத்தியாருக்குத் தண்ணீர் தெளித்த பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் இப்போதும் நன்றாகத்தான் வேலை செய்கிறாள்.

வெளியே வந்தேன். மடுப் பக்கம் போகிறவர்களை ஏற்ற பஸ் மதிலோரம் நின்றது. எல்லாரும் ஏறிவிட்டார்கள். பாலம்மா மட்டும் வேப்பமரத்தடியில் எனக்காக நின்றாள். கையில் தேக்கிலையில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"பாலைப்பழம் மிஸி. இந்த வரியம் மடுவில நல்லாக் காய்ச்சிருக்கு. சென்றியில பிரிச்சுப் பாத்தவங்கள், கொஞ்சம் நசிஞ்சு போச்சு."

வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய பரீட்சை ஒன்றில் தேறியவளின் சிரிப்பு அது. சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தாள்.

"ஆளை வச்சிருந்தவங்கள் மிஸி. யன்னலுக்குப் பக்கத்தில. கண்டனீங்கள்தானே? எனக்கு உள்ளுக்க வந்த உடனயே விளங்கிட்டுது. ஒரு வசனம் வாய் தடுமாறி வந்திட்டுது, மிசின் எண்டு. உடன நிப்பாட்டிட்டன். நீங்கள் என்னையே பாத்துக்கொண்டிருந்தனீங்கள். பயந்திட்டீங்கள் என்ன? உங்கட பேரைச் சொல்லிப்போடுவன் எண்டு."

பஸ் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்கவில்லையே என்று பார்த்தேன்.

"சொல்லுவனோ மிஸி? அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் மறக்கேல்லை. ஒண்டும் காணேல்லை, உங்களையும் காணேல்லை. திரும்பத் திரும்பக் கேட்டவர் டொக்ரர். நான் விடேல்லை." அவள் தன் இரண்டு கையையும் முட்டியாய்ப் பிடித்துக் காட்டினாள். "அண்டைக்குப் பிடிச்ச மாதிரிப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்."

பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். பாதை மூடுகிற நேரம் நெருங்கிவிட்டது. பாலம்மா ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்தவள், திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தானே சொன்னனான் மிஸி? இந்த முறை எடுப்பினம்தானே?"

பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. பழப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்து, நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன்.